‘என்க’ என்று தொடங்கும் கதை

தமிழ்வழியில் கணக்குப் படித்தவர்களுக்கு ‘என்க’ என்ற சொல் மறக்காது. அப்பாவின் வயதைக் கேட்கும் கணக்கானாலும் சரி, எதிரெதிராக வரும் ரயில்களின் வேகத்தைக் கேட்கும் கணக்கானாலும் சரி, விடைத்தாளில் முதல் வரி ஒன்றுதான்: தந்தையின் வயதை எக்ஸ் என்க. வீட்டிலோ கடைத்தெருவிலோ யாரும் பேசாத இந்தச் சொல்லை ஒன்பதாம் வகுப்புப் பையன் கூச்சமில்லாமல் எழுதுகிறான். எழுதிய நொடியில் அவன் செய்திருப்பது சின்னக் காரியமல்ல. தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டான். வைத்த பெயருக்கு இனி அவன் கட்டுப்பட்டவன். பாதி வழியில் தன் வசதிக்காக எக்ஸை மாற்றிக்கொள்ள முடியாது. அது எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே போய்த்தான் ஆகவேண்டும். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று ஆரம்பிக்கும் பாட்டியும் இதையேதான் செய்கிறாள். ராஜாவுக்கு ஏழு பெண்கள் என்று சொல்லிவிட்டால் எட்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் நடத்த முடியாது. மடியில் கிடக்கும் குழந்தை விடாது. இவ்வளவு நெருங்கிய இரண்டு வேலைகளை நம் பேச்சுவழக்கு வெவ்வேறு மூலையில் உட்கார வைத்து, இரண்டையுமே வசவாக்கியும் வைத்திருக்கிறது. ‘கணக்குப் பார்க்கிற ஆள்’ என்றால் கஞ்சன். ‘கதை விடுகிற ஆள்’ என்றால் பொய்யன்.

அதனால்தான் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டே ஒருவர் நாவலும் எழுதுகிறார் என்றால் நமக்கு ஆச்சரியம் வருகிறது. கணக்கு வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களும் உண்டு. எப்படித்தான் இரண்டையும் சமாளிக்கிறாரோ என்று வியப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் நம்புவது ஒன்றைத்தான்: கணக்குக்கு ஒரு மூளை, கதைக்கு வேறு மூளை. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது என்பது என் கட்சி. கணக்கும் கதையும் ஒரு மண்டைக்குள் அடித்துக்கொள்வதில்லை. அவை அடித்துக்கொள்வதெல்லாம் வெளியே: கல்லூரிக் கால அட்டவணையில், பதவி உயர்வுப் படிவத்தில், அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது என்ற தயக்கத்தில். சண்டை எங்கே நடக்கிறது என்று சரியாகப் பார்க்காததால், கணிதம் கற்பனையை வறள அடித்துவிடும் என்று பழியைக் கணிதத்தின் மேல் போட்டுவிடுகிறோம்.

தமிழில் இந்தப் பிரிவினை பழையதும் அல்ல. சங்க நூல்களைப் பதினெண்மேற்கணக்கு என்றும், திருக்குறள், நாலடியார் முதலானவற்றைப் பதினெண்கீழ்க்கணக்கு என்றும் வகுத்தார்களே, அங்கே கணக்கு என்றால் நூல். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் கணக்காயர். நக்கீரரையே மதுரைக் கணக்காயனார் மகன் என்றுதான் பழைய ஏடுகள் அடையாளம் சொல்கின்றன. காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், காலம் என்று வாழ்க்கைக்கு வேண்டிய அளவையெல்லாம் வெண்பாவில் தருகிறது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண அதில் ஒரு வழி உண்டு: காம்புக்குப் பக்கத்தில் உள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். (விடை எல்லாப் பழத்துக்கும் சரியாக வருமா என்று பலாப்பழத்தைத்தான் கேட்க வேண்டும்.) இதையெல்லாம் எடுத்துக்காட்டி முன்னோர் பெருமை பாடுவது என் நோக்கமில்லை. செய்யுளாக இருந்தால் மனப்பாடம் செய்யச் சுலபம் என்பதுதான் முதல் காரணமாக இருந்திருக்கும். ஆனால் கணக்குச் சொல்லித் தந்தவரும் எழுத்துச் சொல்லித் தந்தவரும் திண்ணையில் ஒரே ஆளாக இருந்தார் என்பது நினைவில் இருக்கட்டும். அந்த ஆளை இரண்டாகப் பிளந்தது கல்லூரிகளில் துறை துறையாகக் கட்டப்பட்ட சுவர்.

அந்தச் சுவருக்குப் பின் வந்தவர்களில், தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகக் கூர்மையான சாட்சி ஜி. நாகராஜன். மதுரையில் 1929இல் பிறந்தவர். தந்தை பழனியில் வக்கீல். நாகராஜனின் இளமையில் ஒரு பகுதி பழனியில் கழிந்தது. கணிதம் படித்தார், கணிதம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டார். காரைக்குடியிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் வேலை பார்த்தார். பொதுவுடைமைக் கட்சியில் தீவிரமாக இறங்கினார். கல்லூரி வேலை நிலைக்கவில்லை. பிறகு திருநெல்வேலியில் பேராசிரியர் நா. வானமாமலை நடத்திய தனிப்பயிற்சிக் கல்லூரியிலும், அதன்பின் மதுரையின் டுட்டோரியல்களிலும் கரும்பலகை முன் நின்றார். 1963இல் ‘குறத்தி முடுக்கு’, 1971இல் ‘கண்டதும் கேட்டதும்’ சிறுகதைத் தொகுப்பு, 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’. அச்சேறிய பக்கங்களை அடுக்கினால் ஒரு கை உயரம்கூட வராது. ஆனால் பாலியல் தொழிலாளர்கள், தரகர்கள், சில்லறைத் திருடர்கள் வாழும் சந்துகளைத் தமிழ் நாவல் எப்படிப் பார்க்கலாம் என்பதை அந்தக் கொஞ்சப் பக்கங்கள் மாற்றிவிட்டன.

‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்ற மனிதனின் ஒரே ஒரு நாள். காலையில் அவன் கண் விழிப்பதில் தொடங்குகிறது. குடிக்கிறான், பேரம் பேசுகிறான், பணம் கைமாறுகிறது, மனைவி மீனாவுக்குத் தனக்குப் பின் என்ன ஆகும் என்று யோசிக்கிறான், ஊரைச் சுற்றுகிறான். தமிழ் நாவலின் வழக்கமான கதாசிரியராக இருந்தால் இந்த ஆளை அறிமுகப்படுத்தும்போதே நம் காதோரம் வந்து சமாதானம் சொல்லியிருப்பார்: வறுமை இவனை இப்படி ஆக்கியது, உள்ளுக்குள் நல்லவன், அல்லது பாவம் செய்தவன், அனுபவிக்கட்டும். நாகராஜன் எதையும் சொல்வதில்லை. கந்தனைக் கொடுக்கப்பட்டவனாக எடுத்துக்கொள்கிறார். அவன் இருப்பதற்கு வாசகரிடம் அனுமதி கேட்பதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. இவன் இப்படிப்பட்டவன் எனக் கொண்டால், இன்ன நாளில், இன்ன தெருவில், இன்ன ஆட்களைச் சந்தித்தால் என்ன நடக்கும்? நடப்பதை வரிசையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ‘குறத்தி முடுக்கி’லும் இதே விதிதான். பத்திரிகைக்காரனான கதைசொல்லி தங்கம் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். கதை அவனையும் காப்பாற்றுவதில்லை, அவளையும் புனிதப்படுத்துவதில்லை.

இதைத்தான் நான் கணக்கு வாத்தியாரின் நடை என்கிறேன். கணிதத்தில் எதிர்மறை நிரூபணம் என்று ஒரு முறை உண்டு. இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்று காட்ட வேண்டுமானால், எழுத முடியும் எனக் கொள் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பொய் என்று தனக்கே சந்தேகமுள்ள ஒன்றை உண்மையாக எடுத்துக்கொண்டு, கடைசிப் படி வரை அதற்குத் துரோகம் செய்யாமல் நடந்து, அது தானாக உடையும் இடத்தைக் காட்ட வேண்டும். நடுவில் குறுக்கிட்டு ‘இது தப்பு, எனக்கு முன்பே தெரியும்’ என்று சொன்னால் நிரூபணம் செத்தது. ஊரார் ஒழுக்கத்துக்கு ஒவ்வாத வாழ்க்கையை நாகராஜன் சொல்லும் முறை இதற்கு மிக அருகில் இருக்கிறது. அவருடைய கதைகளில் சமன்பாடு வருவதில்லை, எண் புதிர் வருவதில்லை, கணித மேதை யாரும் தலையைச் சொறிவதில்லை. கணிதம் கதைக்கு வந்து சேரும்போது பொருளாக வராமல் நடத்தையாக வருகிறது: கொடுக்கப்பட்டதற்கு மேல் சொல்லாதே, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகாமல் தாவாதே, விடை வந்ததும் நிறுத்து.

இங்கே கூர்மையான வாசகர் குறுக்கிடுவார். சொல்லாமல் விடுவது, தீர்ப்புக் கூறாமல் ஒதுங்குவது எல்லாம் நல்ல எழுத்தாளர் எவருக்கும் உள்ள குணம்தானே? அசோகமித்திரனிடம் இல்லையா? அதற்கும் கணிதப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. அந்தச் சிக்கனத்துக்குக் கணிதம் ஒன்றுதான் வழி என்று சொன்னால் நான் தோற்றேன், அப்படிச் சொல்லவில்லை. கணிதம் தெரிந்தவர்களெல்லாம் அப்படி எழுதுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு மும்பைக்குத் தனியார் நிறுவன வேலைக்குப் போன நாஞ்சில் நாடனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நடை நாகராஜனுக்கு நேர் எதிர்: சமையலும் பழமொழியும் கோபமும் கிண்டலும் ததும்பும் நடை. ஆனால் 1977இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலின் பெயர் ‘தலைகீழ் விகிதங்கள்’. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும் அந்த உறவை, படித்த ஏழைப் பையன் வசதியான வீட்டில் பெண் எடுத்த கதைக்கு அவர் பெயராக்கினார். அந்த நாவலைத் தழுவிய தங்கர் பச்சானின் ‘சொல்ல மறந்த கதை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விகிதம் எப்படிக் கடிக்கும் என்று தெரியும். வகுப்பறையில் கற்ற கருத்து ஒரு சமூக உறவைப் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. ஆக, கணிதம் ஒரே மாதிரி எழுத்தாளர்களை வார்த்தெடுப்பதில்லை. அது கதையைக் கெடுப்பதும் இல்லை. சிலருக்குக் கதையின் எலும்பாகவே அமைந்துவிடுகிறது. என் வாதத்துக்கு இவ்வளவு போதும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. நாகராஜன் கணிதம் கற்பித்தவர். நாஞ்சில் நாடன் கணிதம் படித்தவர். இருவரும் ஆராய்ச்சி செய்த கணிதவியலாளர்கள் அல்லவே? புதிய தேற்றம் தேடி ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவருக்குக் கதை எழுத மனம் எங்கே மிஞ்சும்? இதற்கு உலகத்திலிருந்து சாட்சி அழைக்க வேண்டியிருக்கிறது. ரஷ்யாவில் பிறந்த சோஃபியா கொவலெவ்ஸ்காயா 1888இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் போர்தான் பரிசு பெற்ற கணிதவியலாளர். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் முழுப் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டுகளில் இளமை நினைவுகளை எழுதி வெளியிட்டார், ஒரு நாவலும் எழுதினார். 1891இல், 41 வயதில் இறந்துபோனார். ‘நிஹிலிஸ்டுப் பெண்’ என்ற அந்த நாவல் மறு ஆண்டு அச்சாகியது. கவிஞனின் மனம் இல்லாதவன் கணிதவியலாளனாக முடியாது என்பது அவருடைய உறுதியான கருத்து. பரிசும் பேராசிரியர் பதவியும் நினைவுநூலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன என்பது, ஒன்று விளைந்தால் மற்றொன்று காயும் என்ற கணக்குக்கு ஒத்துவரவில்லை.

சரி, மண்டைக்குள் சண்டையில்லை என்றால் இத்தனை பேர் ஏன் பெயரை மறைத்தார்கள்? ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 1855 முதல் 1881 வரை கணித விரிவுரையாளராக இருந்தவர் சார்ல்ஸ் டாட்ஜ்சன். 1865இல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதியவர் லூயிஸ் கரோல். இருவரும் ஒருவர் என்பது ஊருக்கே தெரிந்த பிறகும், கல்லூரி முகவரிக்கு லூயிஸ் கரோல் என்று எழுதி வரும் கடிதங்களைப் பிரிக்காமலே அவர் திருப்பி அனுப்பினார். இடவியலில் இன்றும் தினம் உச்சரிக்கப்படும் பெயர் ஃபெலிக்ஸ் ஹவுஸ்டார்ஃப். அவர் கவிதையும் தத்துவமும் நாடகமும் எழுதியது பால் மோங்ரே என்ற பெயரில். அமெரிக்காவில் எரிக் டெம்பிள் பெல் கணிதப் பேராசிரியர், அறிவியல் புனைகதை எழுதிய ஜான் டெய்னும் அவரே. நம் நாட்டில் ஜயந்த் நார்லிகர், கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் வாகை சூடிப் பின் வானியற்பியலுக்குப் போனவர், தன் முதல் மராத்தி அறிவியல் கதையை 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத்தின் போட்டிக்கு அனுப்பியபோது தன் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று கையெழுத்திட்டார். பரிசு ஜக்தாபுக்குக் கிடைத்தது.

புனைபெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதிதா என்ன? கல்கியும் புதுமைப்பித்தனும் எந்தக் கணிதத் துறைக்கும் பயந்தவர்கள் இல்லை. பொறியாளர் ரங்கராஜன் சுஜாதா ஆனதற்குக் காரணம், குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தார் என்பதுதான். ஆகவே புனைபெயர் இருந்தாலே அச்சம் இருந்தது என்று முடிவுகட்ட மாட்டேன். ஆனால் மேலே சொன்ன நால்வரையும் கூர்ந்து பார்த்தால் ஒரு சுவர் தெரிகிறது, அதுவும் இரண்டு பக்கமும் பூசிய சுவர். தன் கதைப் பெயர் கணிதப் பெயரில் ஒட்டிவிடக் கூடாது என்று டாட்ஜ்சன் மறைத்தார். தன் விஞ்ஞானப் பெயர் கதைக்குச் சலுகை வாங்கித் தந்துவிடக் கூடாது என்று நார்லிகர் மறைத்தார். ஒருவருக்குக் கதையால் இழுக்கு வரும் என்ற எண்ணம். இன்னொருவருக்குக் கதையின் மேல் பேராசிரியர் பதவியின் நிழல் விழும் என்ற எண்ணம். இரண்டுமே மூளையைப் பற்றிய கவலைகள் அல்ல, ஊர் என்ன நினைக்கும் என்ற கவலைகள். நாகராஜன் மட்டும் சொந்தப் பெயரிலேயே எழுதினார். அதோடு நிற்காமல் ‘பித்தன் பட்டறை’ என்று தனக்கொரு பதிப்பகமும் வைத்துக்கொண்டார். அன்றைய தமிழ்நாட்டில் கணக்கு வாத்தியார் ஒருவர் விபசாரத் தெருவைப் பற்றித் தன் பெயர் போட்டு நாவல் வெளியிடுவது என்ன துணிச்சல் என்று, இன்றைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போய்வருபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கு அடுத்தது நேரம். கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்று ராமானுஜனைக் கைதூக்கிவிட்ட ஹார்டி 1940இல் எழுதினார். இன்று எல்லாக் கணிதவியலாளர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் அந்த எண்ணம் துறைக்குள் ஒரு பயமாக உலவுகிறது: முப்பது வயதில் ஒரு மாலைப் பொழுதைக் கதைக்குக் கொடுத்தால் ஒரு தேற்றம் கைவிட்டுப் போய்விடும். மும்பையில் பிறந்த மணில் சூரி, எண்ணியல் பகுப்பாய்வில் ஆராய்ச்சி செய்பவர். 1983இல் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் சேர்ந்தார். அவருடைய முதல் நாவல் ‘விஷ்ணுவின் மரணம்’ வெளிவந்தது 2001இல். அதன்பின் 2008இலும் 2013இலும் நாவல்கள். பேராசிரியர் வேலையை விடாமல், இரண்டையும் சேர்த்தே நடத்தினார். முனைவர் பட்டம் பெற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, வேலை நிரந்தரமான பிறகு வந்த முதல் நாவல் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டாட்ஜ்சனோ எதிர்த்திசையில் போனார்; எழுத நேரம் வேண்டும் என்று 1881இல் விரிவுரையாளர் பதவியையே விட்டார். திறமை இரண்டு பேருக்கும் இருந்தது. தட்டுப்பாடு நாட்காட்டியில்.

நம்மூர் நாட்காட்டியைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். விடைத்தாள், தேர்வுப் பணி, தர மதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்புகள் தனி. பணி நியமனத்துக்கும் உயர்வுக்கும் ஆய்வு மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. அறிவியல் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 8 மதிப்பெண். கணிதத் துறைக்காரர் எழுதிய சிறுகதைக்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. தனியார் கல்லூரிகளில் சம்பளம் பத்தாமல் மாலையில் டியூஷன் எடுப்பவருக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் தன் வீடு, தன் மேஜை. இந்த நிலையில் கணித ஆசிரியர் ஒருவர் கதை எழுதாமல் போனால் அதற்குக் காரணம் வகைநுண்கணிதம் அல்ல.

கல்லூரி சம்பளம் கொடுப்பது கணிதம் நடத்தத்தானே, கதைக்கு எதற்கு மதிப்பெண் என்று கேட்கலாம். கேட்பவர்கள் ஒருமுறை தமிழ்த் துறையையும் ஆங்கிலத் துறையையும் எட்டிப் பார்க்கட்டும். மு. வரதராசன் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே நாவல்களை எழுதிக் குவித்தார், துணைவேந்தராகவும் ஆனார். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே எழுதினார். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழாசிரியராக இருந்தவர். இவர்களைப் பார்த்து எப்படி இரண்டையும் சமாளித்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. இலக்கியம் நடத்துவதும் இலக்கியம் எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், கணிதத்துக்கும் கதைக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குறைவு என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மற்றவர் எழுதியதை நாள் முழுக்க விளக்கிவிட்டுத் தன் சொந்த வாக்கியத்துக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்று இலக்கிய ஆசிரியர்களே சொல்வார்கள். கணித ஆசிரியருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர் மொழி பகலெல்லாம் ஓய்வில் இருந்திருக்கிறது. ஆராய்ச்சி ஆங்கிலத்தில், கதை தமிழில் என்ற இரட்டை வாழ்க்கையையும் குறையாகச் சொல்வார்கள். நார்லிகர் ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்திலும் கதையை மராத்தியிலும் கடைசிவரை எழுதினார், எதுவும் குறைந்துவிடவில்லை.

கடைசி ஆட்சேபம் நாகராஜனின் வாழ்க்கையையே சாட்சிக் கூண்டில் ஏற்றும். நிலையான வேலை போயிற்று, குடியும் போதையும் பிடித்தன, கடைசி ஆண்டுகளில் தங்க இடமில்லாமல் அலைந்தார், 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார், வயது 51. கணக்கோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்வது எளிது. ஆனால் நடந்த வரிசை அப்படி இல்லை. கல்லூரி வேலையைக் குலைத்தது கட்சி; முக்கியமான புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. உடம்பைக் குலைத்தது போதை, நாவல் அல்ல. அவருடைய வீழ்ச்சியைக் கலைஞனின் கிரீடமாக்கி மெச்சுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குடித்ததால் நன்றாக எழுதினார் என்பது, எழுதியதால் கெட்டார் என்பதைப் போலவே ஆதாரமற்ற கணக்கு. பக்கங்களில் தெரிவது தெளிந்த மனம். ‘டெரிலின் ஷர்ட்டும் எட்டு முழ வேட்டியும் அணிந்த மனிதர்’ போன்ற ஒரு சிறுகதையைத் தள்ளாடும் கையால் எழுத முடியாது. அவருக்கு இல்லாமல் போனது ஒரு நிலையான இருக்கை. அரசியலையும் எழுத்தையும் பொறுத்துக்கொண்டு, வகுப்பை மட்டும் ஒழுங்காக நடத்து என்று சொல்லும் ஒரு துறை வாய்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உறுதி சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை நடத்தப்படவே இல்லை என்பதை மட்டும் சொல்வேன்.

நாகராஜனின் பழனி இருக்கும் திண்டுக்கல் சமவெளியில் கதைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வத்தலக்குண்டு என்ற ஒரே ஊர், 1893இல் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதத் தொடங்கிய ராஜம் ஐயரையும், மணிக்கொடி பி. எஸ். ராமையாவையும், ‘எழுத்து’ இதழ் நடத்திய சி. சு. செல்லப்பாவையும் தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறது. கணக்குக்கும் பஞ்சமில்லை. 1956இல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராமத்தில் கணிதத் துறை இருக்கிறது. நகரத்திலும் பழனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. டியூஷன் பலகை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே மண்ணில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. கல்லூரி முதல்வர்களிடம் கேட்க வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. தமிழ் மன்றத்தின் சிறுகதைப் போட்டிச் சுற்றறிக்கையைக் கணிதத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். கதை எழுதும் கணித ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை மேற்பார்வை வேலை இல்லாமல் விடுங்கள். வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது: உங்கள் பிள்ளையின் கணக்கு வாத்தியார் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டால், இலவசப் பிரதி எதிர்பார்க்காமல் விலை கொடுத்து வாங்குங்கள்.